நற்பெயர்ப் பணிமனையின் முதல் வெற்றி

தில்லையடியில், கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில், 'தொழிலாளர் நற்பெயர்ப் பாதுகாப்புப் பணிமனை' என்று ஒன்று இருந்தது. படி ஏறும்போதே ஒரு பெரிய பலகை கண்ணில் படும்: 'உங்கள் பெயர் எங்கள் கையில்.' கீழே தகட்டில் கொத்தும் சத்தம் ஓயாது. அதனால் மேலே யார் எந்தக் குறையைச் சொன்னாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் கண்ணீரோடு சொன்னவர்கள் இரண்டாம் தரம் கத்திச் சொல்லுவார்கள், பாவம்.

சட்டம் நல்ல சட்டம்தான் மக்களே. அதில் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒரு தொழிலாளியைப் பற்றி அவருடைய முதலாளியிடம் பொய்யான தகவல் கொடுப்பது குற்றம். கொடுத்தவருக்கு மறியல் சிறை வரைக்கும் தண்டனை உண்டு. பணிமனை திறந்த அன்று பணிப்பாளர் செய்னுலாப்தீன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பேசினார்.

"தொழிலாளியின் பெயர் ஒரு கண்ணாடிக் குவளை. இன்றைக்கு அதை நாங்கள் கையில் எடுத்துவிட்டோம். இனி அது உடைந்தால், எங்களுக்குத் தெரியாமல் உடையாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்த பிறகு, அவர் என்ன சொன்னார் என்று யோசித்தவர்கள் ஒருவர் இருவர்தான்.

பொய்க்கு ஆளானவர்தான் அது பொய்யென்று நிரூபிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. வந்தவர்களெல்லாம் அந்த வரியில் தடுக்கி விழுந்து, வந்த படியாலேயே இறங்கிப் போனார்கள். ஒருவரும் குற்றவாளியாகவில்லை. குற்றவாளி இல்லாதபடியால் இந்தப் பகுதியில் பொய்யும் இல்லை என்று கொழும்பில் முடிவெடுத்து, 'பொய்யற்ற பிரதேசம்' என்று ஒரு கேடயம் அனுப்பினார்கள். செய்னுலாப்தீன் அதை அலுமாரிக்கு மேலே வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

வினை அந்தக் கேடயத்தோடுதான் வந்தது. பொய்யே இல்லாத ஊருக்குப் பணிமனை எதற்கு என்று கொழும்பு அடுத்ததாகக் கேட்டது. பணிப்பாளருக்கு நித்திரை போயிற்று. அவருக்குக் கீழே வேலை செய்தது ஒரேயொரு பிள்ளை, சிலாபத்துச் சிங்களப் பிள்ளை, ஷானிகா என்று பெயர். அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆண்டு விழாவுக்கு முந்தி எங்களுக்கு ஒரு குற்றவாளி வேணும், ஷானிகா."

"யாரா இருந்தாலும் பரவாயில்லையா சேர்?"

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்தானே," என்றார் பணிப்பாளர்.

அந்தக் கிழமைதான் ரம்ஸியா படி ஏறினாள்.

ரம்ஸியா கரைத்தீவில் றஊப் ஹாஜியாரின் இறால் பண்ணையில் தீனித்தட்டுப் பார்க்கிறவள். குளத்துக்குள் இறக்கிவிட்ட தட்டைத் தூக்கி, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுகிற வேலை. இறால் பிடித்து முடிந்து குளங்களைக் காயவிடும் மாதங்களில் பெண்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலை கழுவ, குஞ்சுத் தொட்டியைப் பார்க்க ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இந்த முறை அந்த ஒருத்தி ரம்ஸியா, இல்லையென்றால் அஸ்ரியா என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். ரம்ஸியாவின் புருஷன் நஸீர் தோணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து பாயில் கிடந்தான். அந்த வீட்டு அடுப்புக்கு வேறு வழி கிடையாது.

அஸ்ரியா யார் என்று கேட்பீர்கள். கூடப்பிறக்காத தங்கச்சி. வேலைக்குப் போவது ஒன்றாக, வருவது ஒன்றாக. ஒருத்தி பாண் கொண்டுவந்தால் மற்றவள் சம்பல் கொண்டுவருவாள். "ஹாஜியார் யார வச்சாலும் மத்தவக்குச் சந்தோசம்தான், என்ன ராத்தா," என்று அஸ்ரியாதான் முதலில் சொன்னாள். ரம்ஸியா அதை நம்பினாள்.

இறால் பண்ணைக்காரர்களுக்கு மௌத்து என்கிற சாவை விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வெள்ளைப்புள்ளி நோய். வந்தால் குளம் முழுவதும் செத்து மிதக்கும். நோய் வந்த குளத்தின் வரம்பில் கால் வைத்தவர் வேறு பண்ணைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது இந்தக் கரை முழுவதும் உள்ள கட்டுப்பாடு. நோய் காலோடு வரும், செருப்போடு வரும், வாளியோடு வரும். கதையோடும் வரும் என்று றஊப் ஹாஜியார் நம்பினார்.

பண்ணைக் காவல்காரர் முத்தலிபுவின் வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதும் கத்தம், எத்தாளையில் அவர் வீட்டில். பண்ணைப் பெண்கள் ஆறு பேரும் ஒரு வேனில் போனார்கள். முத்தலிபுவின் தம்பிக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன இறால் குளம். அதில் நோய் விழுந்து கிடந்தது. பின் வேலிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று முத்தலிபுவே வாசலில் நின்று சொன்னார். யாரும் போகவும் இல்லை.

ஓதி முடிந்து சோறு வந்தது. ஆறு பேருக்கு ஒரு சஹன். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் கையால் தின்பது. எல்லாரும் முடிக்கும்வரை ஒருத்தர் எழும்புவது மரியாதையில்லை. யாரில் பிரியமோ அவர் பக்கத்துக்கு நல்ல இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவதும் உண்டு. அஸ்ரியா எப்போதும் ரம்ஸியா பக்கம்தான் தள்ளுவாள்.

அன்றைக்கு அவள் துண்டைத் தள்ளவில்லை. ரம்ஸியாவின் காதுக்குள் குனிந்தாள்.

"ராத்தா, எனக்குத் தொழுகை இல்லாமப் போயிட்டு. நாள் முந்திட்டு. வேன்ல என்ட பேக்குக்குள்ள இரிக்கி. எழும்ப ஏலாம இரிக்கி எனக்கு."

பெண்களுக்கு விளங்கும். ஓதுகிற வீடு, வெள்ளைத் துணி விரித்த பாய், அடுத்த அறை முழுக்க ஆண்கள். ரம்ஸியா பாதிச் சோற்றில் எழும்பினாள். மற்ற நாலு பேரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தெருவில் நின்ற வேனுக்குப் போய், பேக்கிலிருந்து அந்தப் பார்சலை எடுத்து, முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, ஆண்கள் இருந்த பக்கத்தைச் சுற்றி வந்து உள்ளறைக் கதவடியில் நின்றாள். மற்றவர்கள் தின்று முடித்துக் கை கழுவப் போன பிறகு அஸ்ரியாவை மெல்ல எழுப்பி முன்னால் விட்டு, தான் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். பார்சலை வேறு யாரும் காணவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

அடுத்த கிழமை வேலைக்குப் போனபோது பண்ணை வாசலில் றஊப் ஹாஜியார் நின்றார்.

"நில்லு ரம்ஸியா. அந்தக் கம்பிக்கு அங்கால நில்லு. நீ முத்தலிபுட தம்பிட குளத்துக்குப் போயிரிக்கிறாய்."

"ஆரு சொன்ன ஹாஜியார்?"

"டெலிபோன்ல சொன்னாங்க. சஹன்ல பாதியில எழும்பிப் போனாயாம்."

"எழும்பினன். குளத்துக்குப் போகல்ல. அது பொய்."

"பொய்யா இரிக்கலாம் புள்ள. பொய்யெண்டு வச்சி நான் ஒன்ன நிப்பாட்டினா எனக்கு நட்டமில்ல. உண்மையெண்டு வச்சி ஒன்ன உள்ளுக்கு எடுத்தா என்ட பண்ணையே போயிரும். எனக்கு நட்டமில்லாத பக்கம் நான் நிக்கிறன். கோவிச்சிக்காத."

அன்று பின்னேரம் அஸ்ரியா மீன் ஆணத்தோடு வந்தாள். ரம்ஸியாவை விட அவள்தான் கூட அழுதாள்.

"காயவிடுற மாசத்துக்கு என்ன நிக்கச் சொல்லிட்டாரு ராத்தா. நான் வாணாண்டுதான் சொன்னன். கேக்க மாட்டேங்கிறாரு."

"நீ நில்லு புள்ள. ஒனக்கும் கட்டிக்கொடுக்க ரெண்டு குமரு இரிக்கிதானே. ஆனா இந்தப் பொய்யச் சொன்ன ஆள நான் வுட மாட்டன். தில்லையடியில அதுக்கொரு கந்தோர் இரிக்கிதாம்."

"வாணாம் ராத்தா. அல்லாஹ்ட்ட பாரம் சாட்டிட்டு வுடுங்க. அவன் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாப்பான். கந்தோர்ல உள்ளவங்களும் ஒருக்காப் பாக்கட்டுமே," என்றாள் ரம்ஸியா.

அப்படித்தான் அவள் படி ஏறினாள். ஷானிகா கதிரையை இழுத்துப் போட்டாள். சிரித்த முகமான பிள்ளை.

"பொய் கொண்டுவந்தீங்களா அக்கா?"

"என்ன மகள்?"

"உங்களைப் பத்திச் சொன்ன பொய். அசல் பிரதி வேணும்."

"அது டெலிபோன்ல சொன்னது மகள். காத்தோட போன கதைய எப்பிடிக் கொண்டுவாற?"

"அனே, எழுத்தில இல்லாட்டி குற்றம் இல்லையே அக்கா."

ரம்ஸியா எழும்பப் போனாள். உள்ளறையிலிருந்து பணிப்பாளர் அவசரமாக வந்து, எழும்பவிடாமல் கையமர்த்தினார். குளிர்பானம் வாங்கிவரச் சொன்னார். பொய்க்கு எழுத்து இல்லாதது தொழிலாளியின் குற்றமல்ல என்றும், ஏழைகளுக்கு இல்லாததை அரசாங்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி, அந்தப் பொய்யைத் தானே எழுதிக் கொடுக்க முன்வந்தார். நின்றுகொண்டே சொல்லச் சொல்ல ஷானிகா தட்டச்சு செய்தாள்.

"மேற்படி ரம்ஸியா என்பவர், நன்கு திட்டமிட்டும், ஒளிவுமறைவாகவும், தீய எண்ணத்துடனும், நோயுற்ற குளத்தினுள் இறங்கி..."

"இறங்கினண்டு ஆரும் சொல்லல்லயே சேர். வரம்புக்குப் போனண்டுதான் சொன்னாங்க."

"அம்மா, பொய்யென்றால் அதற்கு ஒரு தராதரம் வேண்டும். நீங்கள் சொல்லுகிற பொய் மிகவும் பலவீனமாக இருக்கிறது. அதைப் பொய்யென்று நிரூபித்தாலும் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்."

பொய் மூன்று மொழியில் எழுதப்பட்டது. அரசாங்க முத்திரை குத்தப்பட்டது. 'இப்படியான தகவல் தங்களுக்குக் கிடைத்ததா?' என்று கேட்டு றஊப் ஹாஜியாருக்கு ஒரு பிரதி போயிற்று. அவருக்கு மட்டும் அனுப்பினால் பாரபட்சம் என்று, சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை உள்ள எல்லா இறால் பண்ணைக்கும் ஒவ்வொரு பிரதி போயிற்று. நல்ல மனிதர்கள், மறுமொழி போட்டார்கள். 'கிடைக்கவில்லை. தெரியப்படுத்தியதற்கு மிகவும் நன்றி. இந்தப் பெண்ணை நாங்கள் எடுக்கமாட்டோம்.' ஹாஜியார் தன்னுடைய பிரதியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கந்தோர்ச் சுவரில் மாட்டினார். அதுவரை அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்ததாம். அரசாங்க முத்திரையைக் கண்டபிறகு அது தீர்ந்துவிட்டதாம்.

அடுத்தது சாட்சி தேடுவது. அதற்கு ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி ஒன்றைப் பிடித்தார்கள். ஓட்டினவன் இன்ஷாப், ரம்ஸியாவின் தெருவில்தான் வீடு. எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டு ஊரூராகப் போனான். 'ரம்ஸியா என்பவர் நோய் விழுந்த குளத்துக்குள் இறங்கினார். இவ்வாறு கூறப்படுவது பொய்யாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுவதால், விபரம் அறிந்தோர் பணிமனைக்கு வரவும்.' அது கச்சான் காலம். எங்கள் பக்கத்துக் கச்சான் காற்று உங்களுக்குத் தெரியும்தானே, தென்னை மரத்தையே ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கும். முதல் வசனம் வீடுகளுக்குள் போயிற்று. இரண்டாவது கடலுக்குப் போயிற்று.

ரம்ஸியா வண்டியை மறித்தாள்.

"இன்ஷாப், என்னடா தம்பி இது. என்ட மானம் கடற்கரை முழுக்க ஓடுது."

"நான் முழுக்கத்தான் வாசிக்கிறன் ராத்தா. காத்து பாதியத் தூக்கிட்டுப் போனா நான் என்ன செய்ய?"

"அப்ப ரெண்டாவது வசனத்த முதல்ல வாசி."

"நானும் கேட்டன். எழுதின ஒழுங்க மாத்தினா என்னையும் உள்ள போடலாமாம். சேர் சொன்னாரு."

பிறகு இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். கெட்டது என்று சொல்லப்படும் நற்பெயர், கெடுவதற்கு முன் இருந்ததா என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். யாரிடம் வாங்குவது என்று ரம்ஸியா கேட்டாள். முதலாளியிடம் என்றார்கள்.

"அவருதானே சேர் என்ன வாசல்ல நிப்பாட்டினது."

"ஆகவே உங்களை நன்றாக அறிந்தவர்," என்றார் பணிப்பாளர். "அவரே உங்களை நல்லவர் என்று சொன்னால், பிறகு ஏன் நிப்பாட்டினார் என்ற கேள்வி வரும். நிப்பாட்டியது சரி என்று சொன்னால், நீங்கள் நல்லவரா என்ற கேள்வி வரும். எப்படியோ விசாரணை முன்னேறும்."

இத்தனைக்கும் அஸ்ரியா கூடவே வந்தாள். வேலை முடிந்த கையோடு வந்து, படியில் உட்கார்ந்து, ரம்ஸியாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். "இன்னும் ஆரெண்டு தெரியல்லையா ராத்தா," என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள். அந்தக் கேள்வியில் இருந்தது அன்புதான் என்று ரம்ஸியா நினைத்தாள்.

கடைசியில் பெரிய விசாரணை வந்தது. சம்பவம் சஹனில் நடந்தபடியால் சாட்சிகளைச் சஹனிலேயே வைத்து விசாரிக்க வேண்டும் என்று பணிப்பாளர் முடிவெடுத்தார். ஒரு கலியாண மண்டபத்தை எடுத்தார்கள். ஆறு பெண்களும் அன்றைக்கு இருந்த மாதிரியே உட்கார வேண்டும். பிரியாணி வந்தது. ஒரு சஹனை மட்டும் வைத்து ஆராய்வது விஞ்ஞானமாகாது என்று, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சஹன் வைத்தார்கள். அதை அந்தப் பக்கத்துப் பாயில் பணிப்பாளரும், கொழும்பிலிருந்து வந்த மூன்று அதிகாரிகளும், றஊப் ஹாஜியாரும், வண்டியோட்டி இன்ஷாபும் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு திரை. விசாரணை தெளிவாக நடக்க வேண்டும் என்று அதைப் பாதி திறந்து வைத்தார்கள். இறைச்சி நன்றாக வெந்திருந்ததாகவும், சஹனிலிருந்து பாதியில் எழும்புவது மனித சுபாவத்துக்கு மாறானதென ஒப்பீட்டுச் சஹன் உறுதிப்படுத்தியதாகவும் பிறகு கொழும்புக்கு அறிக்கை போயிற்று.

பணிப்பாளர் வாயில் சோற்றோடு கேட்டார்.

"பாதியில் எழும்பினீர்களா?"

"ஓம் சேர்."

"எங்கே போனீர்கள்?"

"வேனுக்கு. ஒரு அலுவலா."

"என்ன அலுவல்?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜியார் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"வரக்குள்ள முந்தானைக்குள்ள ஒரு பார்சல ஒளிச்சிட்டு வந்தாவாமே. குளத்து இறாலாம். டெலிபோன்ல அதையும் சொன்னாங்க. அதையும் கேளுங்க சேர்."

சோற்றுக்குள் போன ரம்ஸியாவின் கை அங்கேயே நின்றது.

மற்ற நாலு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன பார்சல் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காணவில்லை. முந்தானைக்குள் பார்சல் இருந்தது என்று இந்தத் துனியாவில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கொண்டுவந்தவள். மற்றவள் வாங்கினவள்.

ரம்ஸியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அஸ்ரியா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எலும்பில்லாத ஒரு நல்ல துண்டைப் பிய்த்து எடுத்து, விரலால் ரம்ஸியாவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"சொல்லு புள்ள," என்றார் ஹாஜியார். அவர் ஒன்றும் மோசமான மனிதர் இல்லை, பசி ஆறிய நேரம் வேறு. "இறால் இல்லயெண்டா என்னெண்டு சொல்லிட்டுப் போ. நாளைக்கே வேலைக்கு வா. சத்தியமாச் சொல்றன்."

ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் வேலை வந்துவிடும். ரம்ஸியா திரையின் திறந்த பாதியைப் பார்த்தாள். ஆறு ஆண்கள் சோற்றை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். இன்ஷாபுக்கு ஒலிபெருக்கி கூட இருந்தது.

"சொல்ல ஏலாது சேர்."

"எழுதிக்கொள்ளுங்கள் ஷானிகா. பொருளின் தன்மை வாயால் சொல்ல முடியாத அளவுக்குப் பாரதூரமானது."

"அஸ்ரியா," என்றாள் ரம்ஸியா. "நீ சொல்லு. நான் எங்க போனன், ஆருக்காகப் போனனெண்டு மட்டும் சொல்லு. மத்தத வுடு."

"எனக்கெப்பிடி ராத்தா தெரியும்? நான் தலையக் குனிஞ்சி தின்டுட்டுத்தானே இருந்தன்."

"அப்ப நீதான் ஹாஜியாருக்குப் பேசினது," என்றாள் ரம்ஸியா. சத்தம் போடவில்லை. தீனித்தட்டைப் பார்த்து, தீனி எவ்வளவு மிச்சம் என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னாள்.

செய்னுலாப்தீனின் கவளம் பாதி வழியில் நின்றது. அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிள்ளை பிறந்த செய்தி கேட்ட தகப்பனுக்கு அப்படி வரும்.

"ஷானிகா, இதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுங்கள். ஒரு தொழிலாளியைப் பற்றி. அவருடைய முதலாளி கேட்க. அரசாங்க அதிகாரிகள் முன்னிலையில்." பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். "உங்களுக்குத் தகவல் தந்தது இந்த அஸ்ரியாவா?"

"அத நான் சொல்ல மாட்டன் சேர். சொன்னா நாளைக்கு ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர் எனக்கிட்ட வந்து சொல்லுவாங்களா? பண்ணைய எப்பிடி நடத்துற?"

"நியாயம். முழுக்க நியாயம். தொழில் இரகசியம். நீங்கள் சொல்லுங்கள் அஸ்ரியா. இவர் உங்களைப் பற்றிச் சொன்னது உண்மையா, பொய்யா?"



"பொய் சேர்."

"போதும்," என்றார் பணிப்பாளர்.

"எனக்கு இத்தின மாசமா நிரூபி, நிரூபியெண்டு சொன்னீங்க," என்றாள் ரம்ஸியா. "அவளுக்கு ஒரு சொல்லு போதுமா சேர்?"

"அம்மா, உங்களைப் பற்றிச் சொன்னவரை நாங்கள் யாரும் காணவில்லை. இவரைப் பற்றிச் சொன்னவரை நாங்கள் எல்லாரும் கண்டோம். சட்டம் தனக்குத் தெரிகிற ஆளைத்தான் பிடிக்கும். தெரியாத ஆளைப் பிடிக்கச் சொல்வது சட்டத்துக்குச் செய்கிற அநியாயம்."

கொழும்பு அதிகாரிகள் மூவரும் தலையாட்டினார்கள். வட்டிலப்பம் வந்தது.

வீட்டில் நஸீர் பாயில் கிடந்தபடி கேட்டான். "என்ன பார்சலெண்டு சொல்லியிரிக்கலாமே. என்னதான் அது?"

"பொம்புளைங்கட சாமான்."

அவனுக்கு விளங்கியது. "அதச் சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்கும்," என்றான்.

ரம்ஸியா குசினிக்குள் போய், இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு நின்றாள்.

மறியலுக்கு அனுப்ப இடமிருந்தும் பணிமனை இரக்கம் காட்டியது. குற்றவாளியான ரம்ஸியா, பாதிக்கப்பட்டவரான அஸ்ரியாவிடம் வேலைத்தலத்து வாசலில், எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மன்னித்தால் விஷயம் முடிந்தது. அதை ஆண்டு விழாவோடு சேர்த்து வைத்தார்கள். பண்ணை வாசலில் கொடிகள் கட்டி, கதிரைகள் போட்டு, கொழும்பிலிருந்து இரண்டாவது கேடயமும் வந்தது. கால் கழுவும் தொட்டிக்கு அங்கால் எல்லாரும், இங்கால் ரம்ஸியா. நோய்க்குப் பயந்து ஹாஜியார் அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்.

செய்னுலாப்தீன் காற்றில் கோட்டைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இவ்வளவு காலமும் இந்தச் சட்டம் பால்குடிப் பிள்ளை. இன்றைக்குத்தான் பல் முளைத்திருக்கிறது. பல் முளைத்த பிள்ளை முதலில் யாரைக் கடிக்கும்? பால் கொடுத்தவளைத்தானே. அதற்காகப் பிள்ளையை அடிக்கலாமா? சந்தோசப்பட வேண்டும். தொழிலாளர்களே, இனிப் பயப்படாதீர்கள். நீங்கள் முறைப்பாடு கொண்டு வாருங்கள். குற்றவாளியைத் தேடி நாங்கள் அலையவேண்டிய காலம் முடிந்துவிட்டது."

ஷானிகா ஒரு காகிதத்தை நீட்டினாள். ரம்ஸியா அதில் இருந்ததை வாசித்தாள். பொய் சொன்னேன் என்றும், வருந்துகிறேன் என்றும், பணிமனைக்கு நன்றி என்றும் இருந்தது. மூன்றையும் ஒரே குரலில் வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்பதற்காக அஸ்ரியாவை முன்னால் வரச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டத் தொடங்கினார்கள்.

அஸ்ரியா தொட்டியைத் தாண்டி வந்து, இரண்டு கையாலும் ரம்ஸியாவைக் கட்டிப்பிடித்தாள். கை தட்டுகிற சத்தத்துக்குள் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ராத்தா, அந்தப் பார்சல் கதைய ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க, என்ன."



"நீங்க சொல்ல மாட்டீங்கண்டு எனக்குத் தெரியும்," என்றாள் அஸ்ரியா. "தெரிஞ்சிதான் ராத்தா ஹாஜியாருக்குச் சொன்னன்."

கை தட்டல் ஓய்ந்தது. ஷானிகா பேனாவைத் திறந்துகொண்டு வந்தாள். பாதிக்கப்பட்டவரின் வார்த்தையைப் பதியாமல் விழா முடியாது.

"சத்தத்தில கேக்கல்லை அக்கா. அவங்க என்ன சொன்னாங்க?"

ரம்ஸியா தன் தோளிலிருந்த அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே விட்டாள்.

"மன்னிச்சிட்டாவாம் மகள்," என்றாள். "எழுதிக்கோங்க."